எஞ்சின் கட்டுகளை அவிழ்த்த மூக்காயி

மூக்காயி பிறந்தது குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியில். அந்தப் பக்கத்தில் தண்ணீரைக் கீழே விடுகிறவளை ஊரே ஏசும். முகம் கழுவுகிற தண்ணீரைக்கூட ஒரு சட்டியில் பிடித்து அவரைக்கொடியின் வேரில் ஊற்றுவார்கள். அப்படி வளர்ந்த பெண்ணை நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த சோலைமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து மறுநாள் காலையில் தோட்டத்துக்கு வந்தவள், வாய்க்காலில் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடுவதைப் பார்த்துப் பதறிப்போனாள். எங்கோ மடை உடைத்துக்கொண்டது என்று நினைத்து, கட்டியிருந்த புதுச்சேலையோடு உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அடைத்துவிட்டாள். கிணற்றின் கிழக்குக் கரையில் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்த சோலைமுத்துவின் அண்ணன் உடையப்பன் சிரித்த சிரிப்பில் மாடுகளே நின்றுவிட்டன. தம்பி பொண்டாட்டிக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருக்கிறது, இனிக் கவலையில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது நாற்பத்தைந்தாம் வருஷம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பன் விட்டுப்போன நிலம் பாகமாகியிருந்தது. கிணற்றைப் பாகம் போட முடியாதே. கிழக்குக் கரையில் அண்ணனுடைய கமலை, மேற்குக் கரையில் தம்பியுடையது. அண்ணனுக்குக் கத்தரியும் வெங்காயமும், தம்பிக்கு மல்லிகை. தண்ணீர் மொள்ளும் தோல் சால் ஒருவருடையது கீழே இறங்கும்போது இன்னொருவர் சால் மேலே வரும். இப்படி ஒற்றுமையாக ஓடிய காலம் ஐம்பத்தெட்டாம் வருஷத்தோடு முடிந்தது.

அந்த வருஷம் சோலைமுத்து தன் மாடுகளை விற்றுவிட்டுத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பழைய ஆயில் எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அண்ணன் களத்துமேட்டில் நின்று, நீ குழாயைப் போட்டு உறிஞ்சினால் என் சாலுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். நாலு பேர் முன்னால் கேட்டார். சோலைமுத்து வாயே திறக்கவில்லை. அவன் சுபாவமே அது. பேசி முடிக்க வேண்டியதைக் கையால் செய்து முடிக்கிறவன். பதில் வராத கோபத்தில் உடையப்பன், இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் பயந்தது போல ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் வந்த பிறகும் கிணற்றில் தண்ணீர் நின்றது. உடையப்பனின் சால் ஒருநாளும் தரை தொடவில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. இவனுக்கும் போய்ப் பேசத் தெரியவில்லை. ஒரே கிணற்றில் ஆளுக்கொரு கரையில் முகம் பார்க்காமல் வருஷங்களை ஓட்டினார்கள்.

வந்த எஞ்சினோ தன் நோய்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. சோலைமுத்து அதைச் சீக்காளிப் பிள்ளையைப் போல வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு கோளாறுக்கும் அவனே ஒரு கட்டுப் போட்டான். எஞ்சின் தலையில் ஒரு சாக்கைச் சுற்றி, எந்நேரமும் அதில் தண்ணீர் சொட்டும்படி ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தான். வேகத்தை அடக்கும் ஸ்பிரிங்கைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கியிருந்தான். கிணற்றிலிருந்து வரும் குழாயில் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வைப் பாதி திறந்த நிலையில் வைத்து, அதன் சக்கரத்தை யாரும் திருப்ப முடியாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தான். பெரிய சக்கரத்துக்கு மேலே வேப்பிலைக் கொத்து ஒன்றும் தொங்கியது. அதற்கு மட்டும் யாரும் காரணம் கேட்கத் தேவையில்லை. மற்றதற்கெல்லாம் மூக்காயி ஏனென்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அவர்களுக்கு ஒரே மகள் கண்ணம்மாள். அவளை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதம், மல்லிகையைக் கவாத்து வெட்டி முடித்த கையோடு, சோலைமுத்து தோட்டத்திலேயே சரிந்து விழுந்தான். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது உயிர் இருந்தது, வலது கையும் காலும் விளங்காமல் போயிருந்தன. பேச்சும் போய்விட்டது. எதைச் சொல்ல வந்தாலும் முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும். "ண்ணே" என்று ஒரு சத்தம் மட்டும் வெளியே வரும். எழுதிக் காட்டுவானா என்றால், அவன் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை.

மூக்காயிக்கு அந்தச் சத்தம் உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். நன்றாக இருந்த காலத்தில் அவன் அவளிடம் தினமும் கேட்ட கேள்வி ஒன்று உண்டென்றால் அது, எஞ்சினுக்கு எண்ணெ விட்டியா என்பதுதான். படுக்கையில் கிடந்தும் மனுஷனுக்கு எஞ்சின் நினைப்புதான் என்று அவள் உருகிப்போனாள். அவன் "ண்ணே" என்றதும், விட்டுட்டேன், விட்டுட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் போய் இன்னொரு தடவை எண்ணெய் ஊற்றிவிட்டு வருவாள். எஞ்சின் கொட்டகையின் தரை முழுக்க எண்ணெய் மிதந்தது.

ஹேண்டிலைச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப அவள் கற்றுக்கொண்டாள். முதல் நாட்களில் உள்ளங்கை பிய்ந்து ரத்தம் கசிந்தது. அவன் செய்து வைத்திருந்ததில் ஒன்றைக்கூட அவள் மாற்றவில்லை. சாக்கு நனைந்திருக்கிறதா, டியூப் இறுக்கமாக இருக்கிறதா, கம்பி முறுக்கு விட்டுப்போகவில்லையா என்று கோயிலில் பூசை செய்வது போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளப்புவாள். காரணம் தெரியாததால் பயம் அதிகம். எதைத் தொட்டால் எது நிற்குமோ.

போன ஐப்பசியில் மழை பொய்த்திருந்தது. பங்குனி பிறந்ததுமே வெயில் நெருப்பாகக் கொட்டியது. பூ எடுக்கிற பருவம் அது. வயிறு வளர்ப்பதும் மருந்து வாங்குவதும் அந்தப் பூவை வைத்துத்தான். அந்த நேரம் பார்த்து எஞ்சின் சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. கிளம்பிச் செத்த நேரம் ஓடும், இருமும், நின்றுவிடும். மறுபடி சுற்றினால் மறுபடி ஓடி மறுபடி நிற்கும். வாய்க்காலில் கிளம்பிய தண்ணீர் தோட்டத்துப் பாதியிலேயே மண்ணுக்குள் போய்விடும். கடைசிப் பாத்திச் செடிகளின் இலை மஞ்சளாகிச் சுருண்டது. காலையில் மொட்டெடுக்கப் போனால் மடி நிறைந்த காலம் போய், கை நிறைந்தாலே அதிகம் என்றானது.

அவள் பஸ் ஏறித் திண்டுக்கல் பேகம்பூருக்குப் போனாள். அங்கே பட்டறை வைத்திருந்த மீரான் என்ற மெக்கானிக்தான் சில வருஷங்களுக்கு முன் அந்த எஞ்சினுக்குத் தலையை மாற்றிப் போட்டவர். அவர் நல்ல மனுஷர். கேட்டதும் சாமான் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். முதலில் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் கிடந்த சோலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கொட்டகைக்கு வந்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டேங்கிலிருந்து குருடாயிலை வடித்துப் பார்த்தபோது அடியில் தண்ணீர் நின்றது. எப்படி வந்தது என்று அவருக்கும் பிடிபடவில்லை.

"அக்கா, இதுல எது நோய், எது மருந்துன்னு எனக்கே தெரியலை" என்றார். "எல்லாத்தையும் அவரு ஒண்ணு மேல ஒண்ணாக் கட்டி வச்சிருக்காரு. ஒவ்வொரு கட்டுக்கும் அன்னைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம் இன்னைக்கும் இருக்கான்னுதான் தெரியலை."

எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். ஆனால் திரும்பி வர வைகாசி ஆகிவிடும். அதுவரை செடி தாங்காது என்று இருவருக்கும் தெரியும். அப்படியானால் நீங்களே எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டுப் போங்கள் பாய் என்று மூக்காயி கேட்டாள். அவர் மாட்டேன் என்றார்.

"நான் அவுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிருவேன். நாளைக்கு நின்னுச்சுன்னா நீங்கதான் நிக்கணும். ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் அவுங்க. நல்லா ஓடவிட்டுப் பாருங்க. ரெண்டை ஒண்ணா அவுத்துட்டா எதனால என்ன ஆச்சுன்னு தெரியாமப் போயிரும். அவுத்ததைத் தூரப் போட்றாதீங்க, ஆணியில தொங்கவிடுங்க. வேணும்னா திரும்பக் கட்டணும்."

சாக்கைப் பற்றி அவருக்கு ஒரு ஊகம் இருந்தது. பழைய தலையில் விரிசல் இருந்திருக்கும், சூடு ஏறாமல் இருக்கச் சுற்றியிருப்பார், தலைதான் மாற்றியாகிவிட்டதே என்றார். வால்வுக் கம்பியைக் காட்டி, அப்போது எஞ்சினுக்கு இழுக்கத் தெம்பில்லை, பாரத்தைக் குறைக்கப் பாதி மூடியிருப்பார் என்று சொன்னார். ஊகம்தான், சத்தியமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மூக்காயி புருஷனிடம் போய்ச் சொன்னாள். சாக்கை எடுக்கப் போகிறேன் என்று. அவன் கூரை மோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்மதமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போய்ச் சாக்கை அவிழ்த்தாள். வருஷக்கணக்கில் ஊறிப்போன சாக்கு கையோடு இற்றுக்கொண்டு வந்தது. அடியில் இரும்பு துருவேறிக் கிடந்தது. எஞ்சினைக் கிளப்பிவிட்டு, வெடித்துவிடுமோ என்று கொட்டகைக்கு வெளியே போய்ப் பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அது ஓடியது. இருமவில்லை. வழக்கமாக நிற்கிற நேரம் தாண்டியும் ஓடியது. மறுநாளும் ஓடியது. பிறகுதான் அவளுக்கு விளங்கியது. சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் பக்கத்திலிருந்த டேங்கின் துருவேறி இற்றுப்போன மூடி வழியாகக் கசிந்து குருடாயிலில் கலந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் காப்பாற்றிய சாக்குதான் இன்றைக்குக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

எஞ்சின் நிற்காமல் ஓடினாலும் தண்ணீர் போதவில்லை. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. காலையில் பாய்ச்சிய பாத்தி மதியத்துக்குள் வெடித்துப் பிளந்தது. சாக்கில் ஜெயித்த தைரியத்தில் அவள் ஸ்பிரிங்கைக் கட்டியிருந்த டியூபை அவிழ்த்தாள். எஞ்சினின் சத்தம் மாறியது. வேகம் கூடியது, குழாயில் தண்ணீரும் கொஞ்சம் கூடியது. அவள் குனிந்து வாய்க்காலைப் பார்த்தாள். அந்த நேரம் எஞ்சினையும் பம்பையும் இணைத்திருந்த பெல்ட் துள்ளிக்கொண்டு கழன்று பாம்பு போலச் சுழன்று அவள் முழங்கையில் விழுந்தது. தோல் உரிந்து சதை தெரிந்தது. பாரம் கழன்ற எஞ்சின் வெறிபிடித்தது போல ஓடியது. ஒற்றைக் கையால் எப்படியோ அதை நிறுத்திவிட்டு எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அழுகைகூட வரவில்லை. அந்தப் பெல்ட் இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டது. அந்த வேகத்துக்கு அது தாங்காது என்று தெரிந்துதான் அவன் டியூபைக் கட்டியிருக்கிறான். ஆக, ஒரு கட்டு வேண்டாதது, ஒரு கட்டு வேண்டியது. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தொட்டால்தான் தெரியும், தொட்டபின் தெரிந்தால் பயனில்லை. இந்தப் பாவி மனுஷன் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு அவன் மேல் ஆத்திரம் வந்தது. கட்டிலில் கிடக்கிறவன் மேல் ஆத்திரப்பட்டதற்காகத் தன் மேலும் ஆத்திரம் வந்தது. ஆணியில் தொங்கிய டியூபை எடுத்துப் பல்லால் கடித்து இழுத்துத் திரும்பக் கட்டினாள்.

மீதி இருந்தது வால்வுக் கம்பி. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. நாட்களைத் தள்ளினாள். கை புண்ணோடு காய்ச்சலும் வந்தது. தோட்டத்தின் கடைசிப் பக்கம் இலையுதிர்ந்து குச்சியாக நின்றது. ஒருநாள் காலையில் மொட்டெடுத்துவிட்டுப் பார்த்தால் ஒரு பிடி தேறவில்லை. ரோட்டோரம் நின்றிருந்தாள். பூ ஏற்ற வருகிற வேன்காரர் வேகத்தைக் குறைத்து அவள் மடியைப் பார்த்தார், நிறுத்தாமல் போய்விட்டார். அந்தப் பிடிப் பூவை அப்படியே கொண்டுவந்து புருஷன் தலைமாட்டில் வைத்தாள்.

"வால்வைத் தெறக்கப் போறேங்க" என்றாள். "வேற வழி எனக்குத் தெரியலை."

சோலைமுத்துவின் முகம் மாறியது. சாக்குக்கும் டியூபுக்கும் அசையாதவன் இடது கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். "ண்ணே" என்றான். "ண்ணே… ண்ணே…"

"எண்ணெ ஊத்திட்டேங்க. காலையிலயே ஊத்திட்டேன்."

அவன் தலையைத் தலையணையில் மோதினான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. ஆசையாகப் போட்ட கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாளே என்று வேதனைப்படுகிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையை விடுவித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. குறடால் திருகித் திருகி அறுத்தாள். வால்வுச் சக்கரம் அசைய மறுத்தது, பிறகு ஒரு முனகலோடு திரும்பியது. எஞ்சின் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பிடித்தது போல இருந்தது. அடுத்த நொடி குழாயில் வந்த தண்ணீர் தொட்டியை நிறைத்து, விளிம்பில் வழிந்து, அவள் காலை நனைத்தது. அவள் அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படித் தண்ணீரைப் பார்த்ததில்லை. பெல்ட் கழலவில்லை. எஞ்சின் நிற்கவில்லை. வாய்க்கால் கடைசிப் பாத்தி வரை நெளிந்து ஓடியது. யாருமில்லாத தோட்டத்தில் அவள் பைத்தியம் மாதிரி சிரித்தாள். மீரான் பாய் சொன்னது சரிதான், பாரத்துக்குப் பயந்து போட்ட கட்டுதான் இது, எப்போதோ காரணம் தீர்ந்துபோன கட்டு என்று நம்பிக்கொண்டாள்.

குச்சியாக நின்ற செடிகளில் கணுவுக்குக் கணு பச்சை தெரிந்தது. அவள் தினமும் அதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கஞ்சியை வாயில் வைத்தால் கடைவாயில் வழியவிட்டான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு காலையில் அவள் எஞ்சினைக் கிளப்பப் போனபோது இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருந்த வேலிக்கு அந்தப் பக்கம் உடையப்பன் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வேலியருகே வந்ததில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதாகத்தான் கேள்வி. கையில் சாலின் தோல் இருந்தது. கிழிந்து தொங்கியது.

"மூக்காயி" என்றார். "சாலு தரை தட்டிருச்சு."

அவள் கையிலிருந்த ஹேண்டிலைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளாத் தண்ணி கீழ போறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெயிலுக்குன்னு நெனச்சேன். இன்னைக்குப் பாறையில ஒரசிக் கிழிஞ்சுபோச்சு. மாடு ரெண்டும் முட்டி போட்டு விழுந்துருச்சு. இத்தனை வருசத்துல இப்படி ஆனதில்லையே. எஞ்சினை என்ன செஞ்ச?"

அவர் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. ஒன்றும் செய்யவில்லை பெரிய மச்சான், பாதி மூடிக் கட்டியிருந்த வால்வை முழுசாகத் திறந்தேன், அவ்வளவுதான் என்றாள்.

"பாதி மூடியா? யாரு கட்டுனது?"

"அவுகதான். எஞ்சின் வந்த அன்னைக்கே கட்டுனாக. ஏன்னு கேட்டா சொல்லமாட்டாக."

உடையப்பன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தோலை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்காயிக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. எஞ்சினுக்காகப் போட்ட கட்டல்ல அது. களத்துமேட்டில் நாலு பேர் முன்னால் அண்ணன் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதில். என் எஞ்சின் ஓடினாலும் உன் சால் தரை தட்டாது என்பதை வாயால் சொல்லாமல், கம்பியால் கட்டி வைத்திருந்தான். கேட்டவருக்கும் தெரியாது. கூட வாழ்ந்தவளுக்கும் தெரியாது. தன் செடிக்குப் பாதித் தண்ணீரே போதும் என்று இத்தனை வருஷம் இறைத்திருக்கிறான்.

உடையப்பன் எழுந்து, அவளிடம் கேட்காமலே வீட்டைப் பார்த்து நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். கட்டிலருகே அவர் போய் நின்றதும் சோலைமுத்து தலையைத் திருப்பினான். வாய் கோணியது. "ண்ணே" என்றான்.

மாதக்கணக்கில் காதில் விழுந்த அதே சத்தம்தான். எதிரில் உடையப்பன் நிற்கும்போது அதை வேறு எப்படியும் கேட்க முடியவில்லை. அண்ணே. எண்ணெயுமில்லை, ஒன்றுமில்லை. இவ்வளவு நாளும் அவன் அண்ணனைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அண்ணனைக் கூப்பிடு என்றானோ, அண்ணனுக்குத் தண்ணீர் விடு என்றானோ. அவள் ஒவ்வொரு தடவையும் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடையப்பன் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து, விழுந்துபோன அந்த வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.  ஒருவனால் பேச முடியாது, ஒருவருக்குப் பேச வரவில்லை.

மூக்காயி தோட்டத்துக்கு ஓடினாள். வால்வைப் பாதிக்குத் திருப்பி, ஆணியில் தொங்கிய கம்பித்துண்டை எடுத்துச் சுற்றப் பார்த்தாள். அறுத்த கம்பி நீளம் போதவில்லை. தன் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினாள்.

மறுநாள் உடையப்பன் வந்து அந்தச் சேலைக் கிழிசலைத் தன் கையாலேயே அவிழ்த்தார். இனிக் கட்டி வைக்கத் தேவையில்லை, என்ன தண்ணீர் இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்த்து ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம் என்றார். கமலையை நிறுத்திவிட்டு, தன் பக்கத்துக்கும் எஞ்சின் தண்ணீரே ஒரு வாய்க்காலாகப் போகட்டும், மாட்டுக்கும் தீவனமில்லை என்றார். சொன்னபடியே அவரும் அவர் மனைவி சின்னக்கண்ணுவும் மம்பட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டினார்கள். காலையில் கிணற்றை எட்டிப் பார்ப்பதும், இன்று கத்தரிக்கா மல்லிகைக்கா என்று பேசி முடிவு செய்வதும் வழக்கமாயிற்று. உடையப்பன் தினமும் கட்டிலருகே வந்து உட்கார்ந்து அன்றைய தண்ணீர் மட்டத்தைத் தம்பிக்குச் சொல்லிவிட்டுப் போவார். சோலைமுத்து மறுபடி கஞ்சி குடித்தான்.

ஆனால் மனசு சேர்ந்தால் ஊற்றுச் சேருமா. வைகாசி கழிந்தது, ஆனியும் போயிற்று, ஒரு பொட்டு மழையில்லை. கிணற்றின் ஊற்றுக்கண் ஒவ்வொன்றாக வறண்டது. எஞ்சினைக் கிளப்பினால் ஒரு பாத்தி நனைவதற்குள் குழாய் காற்றை இழுத்தது. முதலில் கத்தரியைக் கைவிட்டார்கள். உடையப்பன் ஒரு வார்த்தை முனகவில்லை. ஆட்டுமந்தையை உள்ளே விட்டுவிட்டார். பிறகு மல்லிகையில் கடைசிப் பாத்திகளை விட்டார்கள். பிறகு நடுப் பாத்திகளை. எதை விடுவது என்று ஒவ்வொரு தடவையும் மூக்காயிதான் கை காட்ட வேண்டியிருந்தது. அவள் துளிர்க்க வைத்த செடிகள்தான் முதலில் போயின.

அவள் மனசை ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சில நாள் வால்வை முழுசாகத் திறந்து இறைத்த தண்ணீர் கிணற்றிலேயே இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும். ஒருநாள் சின்னக்கண்ணுவிடம் அதைச் சொல்லி அழுதாள்.

"நீ தெறக்காம இருந்திருந்தா இவுக ரெண்டு பேரும் பேசாமயே செத்துருப்பாகடி" என்றாள் சின்னக்கண்ணு. "தண்ணி எப்படியும் போயிருக்கும்."

ஆடிக் கடைசியில் சோலைமுத்து செத்துப்போனான். அண்ணன் வந்து தண்ணீர் மட்டம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் நிலைகுத்திவிட்டது. சொல்ல அன்றைக்கு மட்டமே இல்லை. தரை தெரிகிறது என்று சொல்ல மனசில்லாமல், ஒரு சால் அளவுக்குக் கிடக்கிறதப்பா என்று அவர் பொய் சொன்னார். கண்ணம்மாள் வத்தலக்குண்டிலிருந்து ஓடிவந்து அழுதாள். சேதி கேட்டு மீரான் பேகம்பூரிலிருந்து வந்து சுடுகாடு வரை நடந்தார். வாயிலிட்ட அரிசியோடு சேர்த்து வைக்கக்கூட அந்தத் தோட்டத்தில் ஒரு மொட்டு இல்லை. நிலக்கோட்டைக்கு ஆள் அனுப்பித்தான் மாலை வாங்கினார்கள். ஊருக்கெல்லாம் பூக் கொடுத்த மனுஷன் கடைச்சரக்குப் பூவோடு போனான்.

மழை ஐப்பசியில் வந்தது. வந்தால் ஒரேயடியாக வந்தது. கிணறு பாதிக்கு மேல் நிறைந்தது. மூக்காயி குனிந்த தலையோடு செத்த மல்லிகைக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். கூடவே சின்னக்கண்ணுவும் தோண்டினாள். கிணற்றை ஒட்டி உயிர் தப்பியிருந்த கொஞ்சம் செடிகளிலிருந்து மறு வருஷம் பதியன் போட்டார்கள். நடுவிலிருந்த வேலியை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்திலும் மல்லிகையே வைத்தார்கள். அறுபத்தெட்டில் கரண்டு மோட்டார் வந்து எஞ்சினை இரும்புக்குப் போடும்வரை அவளேதான் அதை ஓட்டினாள்.

அதெல்லாம் பிறகு. அந்த ஐப்பசியில் விறகு நனையாமல் எவரிடமும் இல்லை. தோண்டிய கட்டைகள் மட்டும் மேலே ஈரமானாலும் உள்ளே காய்ந்து கிடந்தன. மழைக்காலம் முழுக்க மூக்காயி வீட்டிலும் உடையப்பன் வீட்டிலும் உலை கொதித்தது அந்த மல்லிகைக் கட்டையில்தான்.